லுபுக் புவாயா வண்டியில் தூங்கியவள்

பாசார் ராயா சந்தையிலிருந்து லுபுக் புவாயாவுக்கு, பள்ளிக்கூடம் விட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பும் மஸ்ரிலின் வெள்ளை அங்கோட் வேனில் ஏறுகிறவர்கள் முதலில் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் தும்முவார்கள். நெஞ்சைப் பிடிக்க வைப்பது, பின் கண்ணாடியை ஒட்டிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த பெரிய வூஃபர். தும்ம வைப்பது நெல்மா.

நெல்மா மரவள்ளி வறுவல் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க வறுவலை மிளகாய் விழுதில் புரட்டிப் பொட்டலம் கட்டுவாள். அவள் தலைத்துணியின் மடிப்புகளில் ஒரு சமையலறைக்குத் தேவையான மிளகாய் தங்கியிருக்கும். வண்டியின் இரண்டு நீள இருக்கைகளில் இடதுபக்கத்துக் கடைசி மூலைதான் அவளுக்கு. அங்கே உட்கார்ந்து, தோளை வூஃபரின் பாஸ் பெட்டியில் சாய்த்துக்கொண்டால், வண்டி சந்தை நெரிசலைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள். சும்மா கண்ணயர்வது இல்லை. பை மடியிலிருந்து நழுவி விழும், வாய் லேசாகத் திறக்கும், எதிரில் இருக்கும் கல்லூரிப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துச் சிரிப்பார்கள், அவளுக்கு எதுவும் தெரியாது. இறங்க வேண்டிய தாபிங் வரும், போகும்.

முதல் தடவை கடைசி நிறுத்தத்தில் மஸ்ரில்தான் மரியாதையாக 'உனி' என்று அழைத்து எழுப்பினான்.

"உனி, எழுந்திருங்க. லுபுக் புவாயா வந்தாச்சு."

அவள் திடுக்கிட்டு வெளியே பார்த்தாள். "தாபிங்?"

"அது எப்பவோ போச்சு. திரும்பும்போது விட்டுடறேன். ராத்திரியெல்லாம் வீட்ல என்னதான் பண்ணுவீங்க? திருடப் போறீங்களா?"

இதே கேள்வியை அவன் பல நாள் பல விதமாகக் கேட்டான். ஒருநாள்தான் அவள், பதிலுக்கு அவனை மரியாதையாக 'உடா' என்று அழைத்து, பதில் சொன்னாள். பெரிய பூகம்பம் வந்த அன்று அவள் ஒரு தையல் வகுப்பின் மாடியில் இருந்தாளாம். படியிறங்கித் தெருவுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது அந்தக் கட்டடம் களைத்துப்போன மனுஷன் மாதிரி அப்படியே உட்கார்ந்ததாம்.

"அதுலேர்ந்து ராத்திரி தூக்கம் கிடையாது உடா. கட்டில்ல படுத்தாலும் ஒரு கை தரையில இருக்கும். ஆடுதா, ஆடுதான்னு பாத்துக்கிட்டே இருப்பேன். நான் தூங்கிட்டா அம்மாவை யாரு எழுப்பறது?"

"இங்க மட்டும் எப்படித் தூக்கம் வருது?"

"உங்க வண்டிதான் ஏற்கெனவே ஆடிக்கிட்டே இருக்கே. இதுல உக்காந்து நான் எதைக் காவல் காக்கறது?"

மஸ்ரில் ஒரு காலத்தில் கல்யாணமானவன். விவாகரத்தானதும், அந்த ஊர் வழக்கப்படி குடியிருந்த மனைவி வீட்டிலிருந்து ஒரு துணிப்பையோடு வெளியே வந்து, நண்பன் ரிஸ்மோனின் வண்டிச் சாமான் கடைக்குப் பின்னால் ஓர் அறையில் தங்கியிருந்தான். பாஸ் என்ற அந்த அடிச்சத்தத்தை வைத்ததெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக. இந்த ஊரில் பாஸ் இல்லாத வண்டியைப் பிள்ளைகள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். அந்தச் சத்தத்துக்குள் ஒருத்தி போய்ப் படுத்துக்கொள்வாள் என்று அவன் நினைத்ததே இல்லை. அன்றிலிருந்து பள்ளங்களைப் பார்த்து ஓட்டத் தொடங்கினான். மாலை வெயிலில் உலாக் காராங் தாண்டும்போது பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அவள் முகம் தெரியும். பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் கண்ணாடி நடுங்கும், அவள் முகமும் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் கலங்கிக் கலங்கிக் கூடும். சில நேரம் தெருவே தண்ணீருக்குள் இருப்பதாகவும், வண்டி அதன் அடியில் மெதுவாகத் தவழ்வதாகவும் அவனுக்குத் தோன்றும். பின்னால் வருகிறவன் விளக்கைப் போட்டுக் காட்டும்போதுதான் நினைவு வரும்.

மழைக்காலத்தில் வூஃபர் செத்தது. முதலில் சளி கட்டியதுபோல் கரகரத்தது, பிறகு அரக்கு தீய்ந்த வாடை வந்தது, பிறகு ஒன்றுமே வரவில்லை. அன்று நெல்மா மூலையில் உட்கார்ந்து, பெட்டியில் தோளை வைத்து, விழித்தபடியே தாபிங் வரை வந்தாள். மறுநாளும் அப்படித்தான். அடுத்த வாரத்துக்குள் அவள் கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்தது. கடையில் பொட்டலம் ஒட்டும் சூட்டு எந்திரத்தில் பொட்டலத்துக்குப் பதில் விரலை வைத்துச் சுட்டுக்கொண்டதாக, கட்டுப் போட்ட கையைக் காட்டினாள்.

மஸ்ரில் ஒன்றுக்கு இரண்டாக வூஃபர் வாங்கினான்.

"கிறுக்கா உனக்கு?" என்றான் ரிஸ்மோன். "ஒண்ணையே பிழைக்க வைக்கத் தெரியல, ரெண்டு எதுக்கு?"

"பெட்டி பெருசா இருக்கட்டும்."

"யாரு சாயறதுக்கு?"

மஸ்ரில் காது கேட்காததுபோல் ஒயரை உரித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை வாசலில் வண்டியை நிறுத்திப் பின்கதவைத் திறந்து வைத்து இருவரும் வேலை பார்த்தார்கள். வெள்ளி, சனி இரண்டு இரவும் தூங்காத நெல்மா, சந்தைக்கு வந்தவள், அங்கே எட்டிப் பார்த்துப் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் வெள்ளையாக இருந்தது. எங்கோ ஒரு ரம்பம் மரத்தை அறுப்பதும் நிறுத்துவதுமாக இருந்தது.

ஒவ்வொரு வூஃபருக்குள்ளும் இரண்டு செம்புச் சுருள்கள். ஒவ்வொரு சுருளின் மின்தடையும் இரண்டு ஓம். ஆக நாலு சுருள், எட்டு முனை. மஸ்ரில் பொறுமையில்லாமல் சிவப்பையெல்லாம் ஒரு முடிச்சாகவும் கறுப்பையெல்லாம் ஒரு முடிச்சாகவும் கட்டி ஆம்ப்ளிஃபையரில் சொருகினான். பாட்டு வாயைத் திறந்தது, உடனே மூடிக்கொண்டது. ஆம்பின் விளக்கு சிவப்பாக எரிந்தது.

"எடு, எடு, எடு," என்று ரிஸ்மோன் பாய்ந்து வந்து ஒயரைப் பிடுங்கினான். "ஒரே தாம்பாளத்துல நாலு பேரையும் ஒரே நேரத்துல கை வைக்க விட்டா சோறு என்ன ஆகும்? நாலு சுருளும் பக்கம் பக்கமா நின்னு இழுக்குது. மொத்தம் அரை ஓம். இந்த ஆம்ப் ரெண்டு ஓமுக்குக் கீழ இறங்கினா மூச்சு நின்னு போற ஜாதி. நல்லவேளை, தானா அணைஞ்சுக்கிச்சு."

"அப்போ ஒண்ணு பின்னால ஒண்ணா மாட்டு."

அப்படியே மாட்டினார்கள். ஒரு சுருளின் வால் அடுத்த சுருளின் தலை, நாலும் ஒரே சங்கிலி. எட்டு ஓம். இப்போது விளக்கு நீலமாக எரிந்தது, ஆனால் பாஸ் வெட்கப்பட்டுக்கொண்டு வந்தது. நாலு வீடு தள்ளி யாரோ மாவு இடிப்பதுபோல் இருந்தது.

"இதுல பூனைகூடத் தூங்காது," என்றாள் நெல்மா டயரிலிருந்து.

ரிஸ்மோன் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு அட்டைத் துண்டில் நாலு வட்டம் போட்டான். ஒவ்வொரு வூஃபருக்குள்ளும் இருக்கும் இரண்டு சுருளையும் சங்கிலியாகச் சேர்த்தால் ஆளுக்கு நாலு ஓம். அந்த இரண்டு நாலையும் பக்கம் பக்கமாக நிறுத்தினால் இரண்டு. ஆம்ப் கேட்பதும் இரண்டு.

"இதான். இதைத்தான் முதல்லயே பண்ணணும்னு சொல்ல வந்தேன், நீ விடல."

"நீ எங்க சொல்ல வந்தே? வாயில சிகரெட் இருந்துச்சு."

மஸ்ரில் ஒயர்களை முறுக்கி, ஒட்டுநாடா சுற்றி, பெட்டிக்குள் குனிந்து மாட்டினான். பாட்டைப் போட்டார்கள். விளக்கு நீலம். இரண்டு காகிதக் கூம்புகளும் குதிகுதியென்று குதித்தன. ஆனால் நெஞ்சில் ஒன்றும் விழவில்லை. மேல் சத்தம் மட்டும் தகரம்போல் கேட்டது. அடியில் இருக்க வேண்டியது எங்கோ போய்விட்டது. மஸ்ரில் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தான், வெளியே நின்று பார்த்தான், பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தான். இவ்வளவு ஆட்டம் ஆடுகிறது, ஒரு துளி வரவில்லை. கனவில் ஒருவன் வாயைத் திறந்து கத்தியும் குரல் வராததுபோல் இருந்தது.

ரிஸ்மோன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கணக்கு சரிதான்."

நெல்மா எழுந்து வந்து வண்டியின் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பாட்டு மெதுவான இடத்துக்கு வந்திருந்தது. கூம்புகளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது வெளிய வரும்போது அது உள்ள போகுதே. அப்படித்தான் இருக்கணுமா?"

இரண்டு ஆண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரிஸ்மோன் உள்ளே போய்ச் சுவர்க்கடிகாரத்தின் செல்லைக் கழற்றிக்கொண்டு வந்தான். பாட்டை நிறுத்தி, முதல் வூஃபரின் ஒயரில் செல்லை ஒரு நொடி தொட்டான். கூம்பு முன்னால் வந்தது. இரண்டாவதில் அதே மாதிரி தொட்டான். கூம்பு உள்ளே ஒடுங்கியது.

"ஒண்ணு காத்தைத் தள்ளுது, இன்னொண்ணு அதையே இழுத்துக்குது. மிச்சம் என்ன இருக்கும்? சிவப்பைக் கறுப்புல மாட்டியிருக்கே."

"உள்ள வெளிச்சம் இல்ல."

"வெளிச்சம் இருந்துச்சு. உன் கண்ணுதான் டயர் மேல இருந்துச்சு."

நெல்மா தலைத்துணியைச் சரிசெய்வதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மஸ்ரில் பெட்டிக்குள் தலையை விட்டவன், தேவைக்கு அதிகமான நேரம் உள்ளேயே இருந்தான்.

இரண்டு முனைகளை மாற்றியதும் அது வந்தது. காதில் வரவில்லை. முதலில் உள்ளங்காலில் வந்தது, பிறகு முழங்காலின் குழியில், பிறகு வயிற்றின் அடியில். கடை வாசலில் தேங்கியிருந்த மழைநீரில் வட்டங்கள் எழுந்து ஒன்றுக்குள் ஒன்று போயின. எதிர்வீட்டுச் சன்னல் திரை உள்ளேயிருந்து யாரோ மூச்சு விடுவதுபோல் அசைந்தது. நெல்மா வண்டியில் ஏறி மூலையில் உட்கார்ந்தாள். வண்டி நின்ற இடத்திலேயே, பகல் வெயிலில், பாட்டின் பாதியில், அவள் தலை சாய்ந்தது.

"இப்போ இதை என்ன பண்ணறது?" என்றான் ரிஸ்மோன்.

"சும்மா இரு," என்றான் மஸ்ரில். கதவைப் பாதி சாத்தி வெயிலை மறைத்துவிட்டு, அதே டயரின் மேல் போய் உட்கார்ந்துகொண்டான்.

அதற்குப் பிறகு பல வாரம் எல்லாம் நன்றாகப் போனது. வறுவல் கடையில் அவள் விரல் ஆறியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மற்ற வண்டிகளை விட்டுவிட்டு இவன் வண்டிக்குக் காத்திருந்தார்கள். மஸ்ரில் தினமும் தாபிங் தாண்டிப் போய்த் திரும்பி வரும் வழியில் அவளை எழுப்பினான்.

அன்று மழைக்குப் பிந்திய மாலை. ஆயர் தாவாரில், அலங்கார மீன் விற்கும் கடைக்கு முன்னால் ஒரு கிழவரை இறக்கிவிட நிறுத்தியிருந்தான். கிழவர் இறங்கினார். இறங்கியவர் நடக்காமல் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மஸ்ரில் திரும்பிப் பார்த்தான். கிழவருக்குப் பின்னால் மீன் தொட்டிகளில் தண்ணீர் ஒருபக்கமாகச் சாய்ந்து ஏறி விளிம்பைத் தாண்டியது. சிவப்பும் மஞ்சளுமாக மீன்கள் நடைபாதையில் விழுந்து துள்ளின. மேலே மின்கம்பிகள் பிள்ளைகள் கயிறு தாண்டும்போது சுற்றுவதுபோல் சுழன்றன. கடைகளிலிருந்து எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தார்கள், வாய்கள் திறந்திருந்தன, சத்தம் எதுவும் இவனுக்குக் கேட்கவில்லை. பாஸ் அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த இரண்டு மாணவிகள் கதவு வழியாகக் குதித்து ஓடினார்கள்.

நெல்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

மஸ்ரிலின் விரல் பாட்டை நிறுத்தும் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தினால் விழித்துக்கொள்வாள். விழித்தால் பூமி ஆடிக்கொண்டிருக்கும். அவள் இத்தனை வருஷம் தரையில் கை வைத்துக் காத்திருந்தது எதிரே நிற்கும். அவனுக்குத் தொடை நடுங்கியது. அது பாஸா, பூமியா, பயமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. கையை எடுத்துவிட்டான்.

கம்பிகள் ஆடி நின்றதும் கடலை நினைத்தான், பூகம்பத்துக்குப் பின் வரும் அலையை. அந்தத் தெருவில் எல்லாருமே அதைத்தான் நினைத்திருந்தார்கள். மோட்டார் சைக்கிள்கள் கிழக்கே திரும்பத் தொடங்கியிருந்தன. மஸ்ரிலும் மலைப்பக்கம் போகும் சாலையில் வண்டியைத் திருப்பினான். முனையிலேயே ஒரு பெண் இரண்டு குழந்தைகளோடு கையைக் காட்டினாள், பின்னால் ஒருவர் புறாக்கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். ஏற்றிக்கொண்டான்.

"யோவ், பாட்டை நிறுத்து," என்று புறாக்காரர் அவன் காதருகே கத்தினார். "பூமி ஆடுது, உனக்குக் கச்சேரியா?"

"அவங்க தூங்கறாங்க."

புறாக்காரர் மூலையைப் பார்த்தார். "தூங்கறாங்களா? உசுரோடதான் இருக்காங்களா?"

பதிலுக்குக் காத்திருக்கும்போதே அவருக்குத் தும்மல் வந்தது. குழந்தைகளும் தும்மின. குழந்தைகளின் அம்மா, அழுது முடிக்காத முகத்தோடு, ஏனென்று தெரியாமல் சிரித்துவிட்டாள்.

அந்தப் பயணத்தைப் பற்றி மஸ்ரில் பின்னால் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. வெயில் பின்னாலிருந்து வந்தது. சாலை முழுக்க மோட்டார் சைக்கிள்கள், ஒவ்வொன்றிலும் மூன்று பேர், நாலு பேர், ஒருத்தி மடியில் தையல் எந்திரம், ஒருவன் தோளில் ஆடு. எல்லாரும் எதையோ கத்திக்கொண்டு போனார்கள். அவனுக்கு அந்த அடிச்சத்தம் மட்டும் கேட்டது, சீராக, அவசரமில்லாமல். எதிரே மலை நீலமாக இருந்தது. அதை நோக்கி ஊரே ஊமையாக மிதந்து போவதாகத் தோன்றியது. கண்ணாடியில் பார்த்தான். சின்னக் குழந்தை நெல்மாவின் இடுப்பில் தலையை வைத்துக் கண்ணை மூடியிருந்தது.

குராஞ்சியில் மேட்டுப்பாங்கான ஒரு பந்து மைதானத்தில் வண்டியை நிறுத்தினான். அங்கே ஏற்கெனவே பெரிய கூட்டம். புறாக்காரர் இறங்கிப் போய் வானொலி வைத்திருந்தவர்களோடு நின்றார். வெகுநேரம் கழித்து வந்து சன்னலில் தலையை நீட்டினார்.

"அலை இல்லையாம். சொல்லிட்டாங்க. அங்கங்க சுவர் விரிசல், அவ்வளவுதான்."

மஸ்ரில் பொத்தானை அழுத்தினான். பாட்டு நின்றது. அந்த நிசப்தத்தில்தான் நெல்மா விழித்தாள்.

அவள் முதலில் மடியருகே கிடந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு மலையை, கூட்டத்தை, புல்லில் வைத்திருந்த புறாக்கூண்டை.

"இது எந்த இடம்?"

"குராஞ்சி."

"ஏன்?"

அவன் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"ரொம்ப நேரம் ஆடிச்சா?"

"கொஞ்ச நேரம்தான்."

"நான் தூங்கிக்கிட்டு இருந்தேனா?"

"ஆமா."

அவள் முகத்தில் ஏதோ இளகியது. உடனே அது மறைந்தது. "அம்மா?" என்றாள்.

தாபிங்கில் பழைய விமான நிலையத்துக்குப் பின்னால், கடலுக்குக் கிட்டத்தில், தனியாக ஓர் அம்மா இருப்பது மஸ்ரிலுக்குத் தெரியும். வழி நெடுக அது அவன் நினைவுக்கே வரவில்லை.

"என்னை எழுப்பியிருக்கணும் உடா."

"எழுப்பியிருந்தா அந்த நேரத்துல நீங்க..."

"நான் என்ன ஆனா உங்களுக்கு என்ன? அம்மாவைக் கூட்டிட்டு வந்திருப்பேன் இல்ல?"

தொலைபேசியில் இணைப்பு யாருக்கும் கிடைக்கவில்லை. அவள் இறங்கி முன்னால் வந்து அவன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். குழந்தைகளோடு அவர்கள் அம்மாவும் மைதானத்திலேயே இறங்கிக்கொள்ள, வண்டி மலையிறங்கியது. பாட்டு இல்லாமல் அந்த வண்டி எவ்வளவு சத்தம் போடும் என்று மஸ்ரிலுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு தகடும் கிலுகிலுத்தது. அவள் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்தாள்.

வீட்டில் யாரும் இல்லை. கோழிக்கூடு மட்டும் சாய்ந்திருந்தது. தெருமுனைப் பள்ளிவாசலின் மாடிப்படியில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் நெல்மாவின் அம்மா, மடியில் சோற்றுப் பானையோடு.

"எங்கடி போயிருந்தே? ஒவ்வொரு வண்டியா பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு."

"தூங்கிட்டேம்மா."

"என்னது?"

"ஆடும்போது வண்டியில தூங்கிக்கிட்டு இருந்தேன். எனக்குத் தெரியவே இல்ல."

அம்மா பானையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அந்தக் கன்னத்தில் பெட்டியின் துணி பதிந்த கோடுகள் இன்னும் இருந்தன. அம்மா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை. படியில் இருந்தவர்கள் பயந்து தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

மஸ்ரில் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியின் கீழே நின்றான். "மன்னிச்சுக்கணும் அம்மா. உங்களை நான் நினைக்கல."

"நீதான் அந்தப் பாஸ்காரனா?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குக் கால் இருக்கு தம்பி, ஓடி வந்துட்டேன். இவளைத்தான் யாராவது தூக்கிட்டுப் போகணும்னு இருந்தேன். வா, சோறு சூடா இருக்கு."

அதன் பிறகு சில நாள் நெல்மா வண்டிக்கு வரவில்லை. மஸ்ரில் மூலை இருக்கையில் யாரையும் உட்கார விடாமல் சண்டை போட்டான். அவள் கோபம் தீரவில்லை போலும் என்று நினைத்தான். ஒரு மாலை அவள் வந்தாள். பின்பக்கம் போகாமல் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். கருவளையம் வெளுத்திருந்தது.

"வேலைக்குப் போகல உடா. வீட்ல படுத்துத் தூங்கறேன். ராத்திரி, பகல், எல்லா நேரமும். அம்மா சாப்பாட்டுக்கு மட்டும் எழுப்பறாங்க." கொஞ்ச தூரம் போன பிறகு, "வந்துச்சு, போயிடுச்சு. நான் பாத்துக்கிட்டு இல்ல. ஒண்ணும் ஆகல," என்றாள். அவள் அதைத் தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது.

எல்லா இரவும் அவள் தூங்கினாள் என்று சொல்ல முடியாது. சின்ன அதிர்வு வந்தால் மறுபடி நாலு நாள் பின்பக்க மூலைக்குப் போவாள். மற்ற நாளில் முன்னால் உட்கார்ந்து, வறுவல் கடைக் கதையெல்லாம் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டு வருவாள்.

நோன்பு மாதம் முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை, கறுப்புத் தொப்பியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக ஒரு பெரியவர் தாபிங்கில் ஏறி மஸ்ரிலின் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லை. லுபுக் புவாயா வரை வந்தார், திரும்பி வந்தார். அவன் குறுக்கே வந்த மோட்டார் சைக்கிளைத் திட்டாமல் விட்டதைக் கவனித்தார். பள்ளத்துக்கு வேகம் குறைத்ததைக் கவனித்தார். பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. இறங்கும் இடம் வந்ததும் தான் நெல்மாவின் தாய்மாமன் என்றார்.

"நீ எந்தக் குலம்ப்பா?"

"தாஞ்சுங், மாமா."

அவர் தலையை ஆட்டினார். "நாங்க ஜம்பாக். வேற வேறதான். நல்லது." கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தபடி நின்றார். "அடுத்த வாரம் வெத்திலையோட, நெல்மாவுக்கு உன்னை மாப்பிள்ளை கேட்டு, உங்க அம்மா வீட்டுக்கு வர்றோம். வீட்ல இருக்கச் சொல்லு."

பின்னால் வண்டிகள் ஒலி எழுப்பத் தொடங்கின. மஸ்ரில் கியரைப் போட மறந்து, அவர் தெருவைக் கடந்து மறுபக்கம் போய்ச் சேரும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.